கீரி வந்து பார்க்கட்டும்

சீவலப்பேரியில் ஒருவர் வீடு கட்டினால் அக்கம்பக்கத்தார் வாயைத் திறக்கமாட்டார்கள். 'நம்மகிட்ட கேட்டா கட்டுதான்?' என்று ஒரு வீம்பு. கோழிக்கூடு கட்டினால் மட்டும் தெருவே எழுந்து வந்துவிடும். வெல்டிங் பட்டறையில் நான் அளவு கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் எங்கள் புறவாசலில் கூடிய கூட்டத்துக்கு நாற்காலி பற்றவில்லை.

கீரியிடம் கோழியைப் பறிகொடுத்தவர் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசினார். மரநாயிடம் கொடுத்தவர் கூரையைப் பற்றிப் பேசினார். தெருநாயிடம் கொடுத்தவருக்குக் கதவைத் தவிர வேறு பேச்சில்லை. மருமகனிடம் பறிகொடுத்தவர் ஒன்றும் சொல்லாமல் பெருமூச்சு விட்டார்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது எனக்கு விளங்கியது இது. கோழிக்கூட்டுக்குப் பிளான் போடுவது கொத்தனாரும் இல்லை, ஆசாரியும் இல்லை. அஸ்திவாரத்தின் ஆழத்தைக் கீரி சொல்கிறது. கூரையை மரநாய் முடிவுசெய்கிறது. வலையின் கண் எவ்வளவு என்று பாம்பு அளந்து கொடுக்கிறது. இத்தனை பேர் கூடிப் பேசும் காரியத்தில் கோழியிடம் மட்டும் ஒருவரும் கருத்துக் கேட்பதில்லை.

முதலில் கீரி. மற்ற திருடர்களெல்லாம் இருட்டை நம்புகிறவர்கள். கீரி பட்டப்பகலில், புறவாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் வரி கட்டியவன் போல வேலியோரமாக நடந்து வரும். ஒன்றைத் தின்ன வந்தது, உள்ளே அகப்பட்ட அத்தனையையும் கடித்துப் போட்டுவிட்டு ஒன்றோடு போகும். 'ரத்தத்தை மட்டும் குடிச்சிட்டுப் போயிருதுவே' என்பார்கள். அடைத்த இடத்தில் இரை தப்பிக்க வழியில்லாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும்வரை கொல்கிற வேகமும் அடங்காது, அதுதான் விஷயம். சரி, கீரியை அடித்துவிடலாம் என்றால் 1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடுவில் நிற்கிறது. ஆகக் கீரிக்குச் சட்டம் துணை, கோழிக்குக் கம்பிதான் துணை.

"அண்ணாச்சி, வலைய மண்ணுக்குள்ள ஓரடி எறக்கிருங்க. இல்லன்னா தோண்டிட்டு உள்ள வந்துரும்" என்றார் எதிர்வீட்டுக்காரர். இறக்கலாம். அதைவிட லேசான வழி, வலையைச் சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்குப் படுக்கையாக விரித்து மேலே மண்ணைப் போட்டு மூடிவிடுவது. கீரியோ நாயோ சுவரை ஒட்டித்தான் தோண்டும். கம்பி தட்டுப்படும். இன்னும் வேகமாகத் தோண்டும். ஓரடி பின்னால் தள்ளி நின்று தோண்டினால் ஜெயித்துவிடலாம் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. அறிவு குறைவு என்று சொல்லமாட்டேன். சுவரோடு மல்லுக்கு நிற்கிறவர்களை ஊர்க் கூட்டங்களிலும் பார்த்திருக்கிறேன்.

வலை வாங்கப் பாளையங்கோட்டைக்குப் போனால், கேட்ட மாத்திரத்தில் ஆறு முனைக் கண் வைத்த மெல்லிய கம்பிவலையைச் சுருட்டிக் கையில் கொடுக்கிறார்கள். கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். நாய் உள்ளே வராமல் தடுக்கப் போதாது. பல்லில் கவ்வி இரண்டு இழுப்பு இழுத்தால் பழைய பனியன் மாதிரி கிழிந்துவிடும். வேண்டியது அரையங்குலச் சதுரக் கண் வைத்த வெல்டு மெஷ். விலையைக் கேட்டதும் ஒரு கணம் கீரியின் மேலேயே இரக்கம் வந்தது. ஆனால் கீரிக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். பூனை, கண் பெரிதாக இருக்கும் வலைக்குள் கையை விட்டு, ஓரத்தில் தூங்கும் கோழியை இழுக்கும். அதனால்தான் கோழி உட்காரும் கம்பைச் சுவரிலிருந்து தள்ளிப் போடவேண்டும்.

பாம்பு விஷயத்தில் இன்னொரு சங்கடம். ஒல்லியாக உள்ளே நுழைகிற நல்லபாம்பு முட்டையை விழுங்கிவிட்டு அதே ஓட்டை வழியாக வெளியே போகப் பார்க்கும். வயிறு விடாது. காலையில் முட்டை எடுக்கப் போகிறவர் கைநீட்டும் இடத்தில் திருடனும் திருட்டுச் சாமானும் ஒரே உடம்பாகச் சுருண்டு கிடக்கும். அப்புறம் பாம்பு பிடிக்கிறவரைத் தேடி ஆள் அனுப்பவேண்டும். வரும்வரை கோழிகள் ஒரு மூலையிலும், பாம்பு ஒரு மூலையிலும், வீட்டுக்காரர் தெருவிலும் இருப்பார்கள்.

மரநாயைப் பற்றிப் பேச எங்கள் ஆச்சிக்கு உரிமை உண்டு. பனைமரக்காட்டில் வளர்ந்தவள். மரநாய் ராத்திரி பனையேறிக் கலயத்தில் வாய்வைக்கும். பாளையில் வடிகிறது எதுவாக இருந்தாலும் அதற்குச் சம்மதம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீரைத்தான் இப்போது மரநாய் குடித்தாகவேண்டும். 'மேல குடிச்சிட்டு, தொட்டுக்கிட எறங்கி வருது' என்பாள் ஆச்சி. இறங்குவது நேராகக் கூரைமேல்தான். எனவே நாலு சுவரிலும் கோட்டை மாதிரி வலையடித்துவிட்டு மேலே ஓலையைப் பரப்பி விடுவது, மரநாய்க்கு மாடிக் கதவைத் திறந்துவைப்பதுதான்.

தகரம் போடலாம். ஆனால் திருநெல்வேலிச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கோழியை வைத்தால் அறுக்காமலேயே வெந்துவிடும். கோழிக்கு வேர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். ஆகவே தகரம் போட்டு, அதன்மேல் ஒரு சாண் பனையோலை. தகரம் மரநாய்க்கு, ஓலை வெயிலுக்கு. கூரைக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் காற்று ஓட வலையடித்த திறப்பு விடவேண்டும். இல்லாவிட்டால் எச்சத்திலிருந்து வரும் அமோனியா நெடியில் கோழிக்குக் கண் எரியும், சளி பிடிக்கும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் படும். வாஸ்து பார்க்கிற ஒருவரும் வந்து, வேறு ஏதோ காரணங்களைச் சொல்லி, கிழக்கு மேற்காகவே வைக்கச் சொன்னார். சாஸ்திரமும் விஞ்ஞானமும் ஒத்துப்போன அபூர்வ நாள் என்று அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பினோம்.

அளவு பெரிய ரகசியமில்லை. ராத்திரி அடைவதற்கு ஒரு நாட்டுக்கோழிக்கு ஒரு சதுர அடி இடம் என்பது கிராமத்துக் கணக்கு. நாலைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப்பெட்டி. உட்காரும் கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்கவேண்டும். தாழ இருந்தால் எல்லாம் பெட்டிக்குள் ஏறிப் படுத்து அதையே கழிப்பறையாக்கிவிடும். தரை பலகைச் சட்டமாக இருந்தால் எச்சம் கீழே விழும், ஆனால் சட்டத்துக்கு அடியிலும் வலை உண்டு. இல்லையென்றால் பெருச்சாளி கீழிருந்து கோழியின் விரலைக் கடிக்கும்.

தகராறு கூட்டின் கால் உயரத்தில்தான் வந்தது. இரண்டடி போதும் என்பது பொதுவான பேச்சு. நாய்க்கும் கீரிக்கும் அது போதும். ஆனால் சீவலப்பேரி, தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேர்கிற ஊர். இரண்டு ஆற்றின் கோபமும் எங்கள் வாசலில்தான் கைகுலுக்கும். பெரியவர்கள் 1992 நவம்பர் வெள்ளத்தைச் சொல்வார்கள். எங்களுக்கு 2023 டிசம்பர் 17, 18 போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த இரண்டு நாளில், ஆற்றங்கரை ஊர்களில் ஆடும் மாடும் கோழியும் போனதற்குக் கணக்கில்லை. அதைப் பார்த்தபிறகு கீரியைத் திருடன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. "அஞ்சடி வையி" என்றார் ஒருவர். "தட்டட்டில வச்சிருவே, ஒரேடியா முடிஞ்சிரும்" என்றார் இன்னொருவர். கடைசியில் மூன்றடிக் கால். கூட்டைத் தூக்கி மாடிப்படியில் வைக்க ஏதுவாக இரண்டு பக்கமும் கைப்பிடி. ஆறு வந்தால் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் யாரென்று கூட்டம் இன்னும் தீர்மானிக்கவில்லை.

முட்டைப்பெட்டி கோழியின் சவுகரியத்துக்கு என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அது தெருவின் அமைதிக்கு. பெட்டி பிடிக்காத கோழி பக்கத்து வீட்டு வைக்கோற்போரில் போய் முட்டையிடும். கோழி இவர்களுடையது, வைக்கோல் அவர்களுடையது, முட்டை யாருக்கு? முக்கூடற்பள்ளு இந்த மண்ணில் நடக்கிற கதைதான். அதில் பள்ளனின் மூத்த மனைவியும் இளையவளும் போடுகிற ஏசல் தமிழ் இலக்கியத்தில் பெயர்பெற்றது. இரண்டு மதினிமார் ஒரு முட்டைக்காக வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று பேசியதைக் கேட்டவர்கள், அந்தப் புலவர் அதிகம் கற்பனை செய்யவில்லை என்று சத்தியம் செய்வார்கள்.

கூட்டத்தில் ஒரு பெரியவர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "எதுக்குலே இவ்வளவு செலவு? சுடலைக்கு நேந்துவிட்டுரு, ஒருத்தன் தொடமாட்டான்" என்றார். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் அப்படிப்பட்ட சாமி. நேர்ந்துவிட்ட சேவல் நடுரோட்டில் நின்றாலும் பஸ் ஹாரன் அடிக்க யோசிக்கும். ஒரே குறை, இந்தப் பாதுகாப்பு கோயில் கொடைவரைக்கும்தான். கொடையன்று காவல்காரரே வந்து வாங்கிக்கொள்வார். 1950-ல் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பலித் தடைச் சட்டத்தை 2003 ஆகஸ்டில் அரசாங்கம் தட்டி எழுப்பியது. 2004-ல் சட்டமே ரத்தாயிற்று. நடுவில் இருந்த அந்தச் சில மாதங்கள்தான் தமிழ்நாட்டுச் சேவல்களின் பொற்காலம். ஆனால் பெரியவர் ஒன்றை மறந்துவிட்டார். மனுஷன் சுடலைக்குப் பயப்படுவான். கீரிக்கு நேர்த்திக்கடன் விவரம் தெரியாது.

எந்த வலைக்கும் அடங்காத ஒன்று வெள்ளைக்கழிச்சல். ஒரு வாரத்தில் தெருவையே காலிசெய்துவிடும். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடுவதைத் தவிர வேறு தாழ்ப்பாள் இல்லை. இமயமலைப் பக்கம் இருக்கும் ராணிக்கேத் ஊரின் பெயரை இந்த நோய்க்கு வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் நியூகாசிலுக்கும் அதே கதி. அந்த ஊர்க்காரர்களின் வருத்தம் எங்களுக்குப் புரியும். 1994-ல் எங்கள் ஊர்ப்பெயரைத் தலைப்பில் வைத்து நெப்போலியன் நடித்த படம் வந்ததிலிருந்து, வெளியூரில் ஊர்ப்பெயரைச் சொன்னதும் எதிராளி என் இடுப்பில் அரிவாள் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

ஒருவழியாகக் கூடு வந்து இறங்கியது. "என்னவே, கூடு கட்டிருக்கீரா, செயிலு கட்டிருக்கீரா?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இரட்டைக் கொண்டி, அதற்கு மேல் திண்டுக்கல் பூட்டு. சாயங்காலம் கோழிகளும் வந்தன, பார்த்தன, வரிசையாகப் போய் முருங்கைமரத்தில் ஏறிக்கொண்டன.

குற்றம் அவற்றின் மேல் இல்லை. தாமிரபரணி புறப்படும் பொதிகைக் காட்டில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி இன்றைக்கும் மரத்தில்தான் அடைகிறது. நம் வீட்டுக்கோழி பெரும்பாலும் சிவப்புக் காட்டுக்கோழியின் வம்சம். ஆனால் அதன் காலில் இருக்கும் மஞ்சள் நிறம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். மலைச்சொந்தம் விட்டுப்போகவில்லை. இதற்கு வைத்தியம் ஆச்சி சொன்னதுதான்: நன்றாக இருட்டியபிறகு கோழிக்குக் கண் தெரியாது, ஒவ்வொன்றாக இறக்கிக் கூட்டில் விட்டு, ஒரு வாரம் பகலிலும் வெளியே விடாமல் அங்கேயே தீனி வைக்கவேண்டும். பிறகு அதுவே தன் வீடு என்று எண்ணிக்கொள்ளும். முருங்கைமரத்தில் டார்ச் லைட்டோடு நான் ஏறியதைப் பார்த்த நாய் ஒன்று, தெருவுக்குள் புதுசாக ஒரு மரநாய் வந்திருப்பதாக ஊருக்கெல்லாம் அறிவித்தது.

இப்போது எல்லாம் ஒழுங்காக அடைகின்றன. கீரி வந்தது, சுற்றிவந்து மோந்தது, கொஞ்சம் தோண்டியது, போய்விட்டது. ஊரில் அதிலிருந்து எனக்கு இஞ்சினியர் மரியாதை. சிக்கல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. எங்கள் அடுக்களையில் எலி புகாத பானை கிடையாது. உடன்குடியிலிருந்து வாங்கிவந்த கருப்பட்டியை ஆச்சி எங்கெங்கோ ஒளித்துவைத்துப் பார்த்துவிட்டு, இந்த வளவில் எலி நுழையாத ஒரே கட்டடம் எது என்று சரியாகக் கண்டுபிடித்து, துணியில் முடிந்து முட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். கொட்டாங்கச்சியில் ஊற்றி எடுத்த உருண்டைக் கருப்பட்டி. அவயத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டைக்கோழி துணியைக் கிளறிப் பிரித்து, அதன்மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்துவிட்டது.

காலையில் காப்பிக்குக் கருப்பட்டி எடுக்கப் போனேன். புறங்கையில் ஒரு கொத்து விழுந்தது. ரத்தம் வந்தது.

"ஆச்சி, இது கிட்டயே விடமாட்டேங்கு."

"அவயத்துல இருக்க கோழியை அசைக்கக் கூடாதுலே" என்றாள் ஆச்சி, திரும்பிக்கூடப் பார்க்காமல். "இருபத்தொரு நா பொறு. அதுவரைக்கும் சீனி போட்டுக் குடி."