பிரதமர்கள் மாறினார்கள், கார் மாறவில்லை

கேள்வி: ஒரே காரை ஒருவர் எத்தனை ஆண்டுதான் வைத்திருப்பார்?

பதில்: டெல்லி ஹர்பால் சிங் ஆயுள் முழுக்க வைத்திருந்தாரே!

1983 டிசம்பர் 14 அன்று, முதல் மாருதி 800-இன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையால் வாங்கிய இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர் அவர். 2010-இல் காலமாகும்வரை அந்த வெள்ளைக் கார் அவரிடமே இருந்தது. அதற்குள் பிரதமர் நாற்காலியில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். காருக்கு மட்டும் சொந்தக்காரர் மாறவில்லை.

796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அமைப்பு எளிது, தெருமுனை மெக்கானிக்கும் தயங்காமல் பானெட்டைத் திறப்பார். உதிரி பாகங்கள் சின்ன ஊர்க் கடையிலும் கிடைத்தன. பளபளப்பைவிட இந்த இரண்டும்தான் ஒரு வண்டியை வீட்டில் நிலைக்க வைக்கின்றன. 2014-இல் உற்பத்தி நின்ற பிறகும் மாருதி 800 சாலையில் ஓடியதற்குக் காரணம் அதுவே.