வாசலில் கொலைகாரன்

நம் நண்பனைக் கொல்லத் துரத்தி வந்து, அவன் உள்ளே இருக்கிறானா என்று வாசலில் நின்று வினவும் பாதகனிடத்தும் பொய் புகலலாகாது என்று, 1797-இல் ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட் சாசனம் செய்தார். இங்கிலாந்தின் பெந்தாமோ, இன்ப துன்பங்களை உக்கிரம், நீடிப்பு, நிச்சயம், சமீபம் முதலிய ஏழு அளவைகளால் நிறுத்து, ஐந்தொகை போட்டுப் பார்த்த பிறகே கதவைத் தாழிடச் சம்மதிப்பார். அரிஸ்டாட்டிலைக் கேட்டால், விவேகமுள்ள உத்தம புருஷன் என்ன செய்வானோ அதையே செய்க என்று அருளி, அவ்வுத்தமனின் விலாசத்தை மட்டும் சொல்லாது விடுவார். இம்மூவர் வாதமும் முற்றுப்பெறும்வரை கொலைகாரன் வாசற்படியில் பொறுமையாகக் காத்திருப்பான் என்பது தர்ம சாஸ்திரிகளின் அசையாத நம்பிக்கை. இதற்கிடையே நண்பன் ஒருவரும் அறியாமல் வெளியேறியிருக்கவும் கூடும் என்று காண்டே எழுதுகிறார். ஆக, அந்த வீட்டில் தத்துவம் பயிலாத புத்திசாலி அவன் ஒருவனே போலும்!