புகைபோக்கிக்கும் 80 சதவீதம்

கற்பிட்டிப் பக்கத்து மாம்புரிப் பெண்ணின் வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டால் போதும், அரசாங்கத்தின் கரிசனை பொங்கி வழியும். திரிபோஷா சத்துமா கிடைக்கும், குளிசை கிடைக்கும், கூடவே புத்திமதியும் கிடைக்கும். சிகரெட் புகை பட்டால் பிள்ளை எடை குறைந்து பிறக்கும், மாதம் நிறையாமல் பிறக்கும், இறந்தும் பிறக்கும். அத்தனையும் உண்மை. பேறுகாலத்தை நினைத்து ஏற்கெனவே நித்திரை இல்லாதவளுக்குப் பயப்பட இன்னொன்று.

ஆனால் புகைப்பது யார்? இலங்கையில் 2015இல் எடுத்த நாடளாவிய கணக்கில் ஆண்களில் 29 சதவீதத்துக்கு மேல், பெண்களில் 0.1 சதவீதம். ஆயிரத்தில் ஒருத்தி! மிச்சம் 999 பேரும் ஊதாத சிகரெட்டுக்குத் தலைகுனிந்து நிற்க, மாப்பிள்ளைமார் கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி அடுத்ததைப் பற்றவைப்பார்கள்.

அவர்களாவது சில்லறைப் புகைகாரர். மொத்த வியாபாரி பக்கத்து நுரைச்சோலையில் நிற்கிறார். லக்விஜய அனல்மின் நிலையம், சீனக் கடனில் எழுந்தது. 2011இல் முதல் 300 மெகாவாட், 2014இல் முழு 900. கப்பலில் வரும் நிலக்கரி கடற்கரை முற்றத்தில் மலையாய்க் குவியும். கச்சான் காற்று எழும்பினால் கரித்தூளும் சாம்பலும் மிளகாய்ச் செடியில், வெங்காயப் பாத்தியில், கொடியில் காயும் பிள்ளைத் துணியில். தலவில் புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குக் கேடு என்று கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்து, பல வருடம் கிடப்பில் கிடந்த திட்டம் இது. பிரசவ வேதனையில் பெண்கள் கூப்பிடும் புனிதை அன்னம்மாள். அவருக்கே பக்கத்தில் இப்படியொரு அயலவர்.

வேறு வழி தெரியாமல் செய்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 2010இலேயே மாம்புரிக் கரையில் காற்றாலை நட்டுக் காட்டினார்கள். 10 மெகாவாட். புகையாததற்குப் பத்து, புகைவதற்குத் தொள்ளாயிரம்!

நிலையம் அடிக்கடி பழுதாகும். நாடு இருட்டில் இருந்து மின்சார சபையைத் திட்டும் அந்த நாளில்தான் இங்கே ஒரு கர்ப்பிணி தைரியமாக வெள்ளைத் துணி காயப்போடலாம்.

சட்டமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்குச் சிகரெட் விற்பது குற்றம். வயதே தொடங்காதவருக்குப் புகை இலவசம், வீட்டுக்கே வரும். புகைக்காத தாய்மாரின் நச்சுக்கொடியில், அதுவும் பிள்ளைப் பக்கத்தில், காற்றின் கரித்துகளைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டு 2019இல் எழுதினார்கள். அவர்கள் பார்த்தது வாகனப் புகை ஓடும் ஐரோப்பிய நகரத்தில். நிலக்கரி மலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவளின் நச்சுக்கொடியைப் பார்க்க இங்கே யாருக்கு அவசரம்?

2015 முதல் சிகரெட் பெட்டியில் 80 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொள்கிறது. நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதானே? நுரைச்சோலைப் புகைபோக்கியின் உயரத்திலும் 80 சதவீதத்துக்கு அதே படத்தை வரையுங்கள். கற்பிட்டி வீதியில் போகும் அமைச்சர்மார் வாகனக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாலும் கண்ணில் படும். கிளினிக்கில் "புகைப்பிடிப்பீங்களா?" என்று கேட்பவர்கள், அதே கேள்வியை மின்சார சபையிடமும் கேட்டுப் பதியட்டும்.

புகை வடிகட்டி பூட்டியிருக்கிறோம் என்கிறீர்களா? சிகரெட்டிலும் ஃபில்டர் இருக்கிறது ஐயா.