இன்னும் ஒரு சாமான்தான்

திருகோணமலையில் இவரை அடையாளம் காண்பது லேசு. வலது கணுக்கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நகக்கண்ணில் கிறீஸ் இருக்கும், கலியாண வீட்டுக்கு வந்தாலும் இருக்கும். ஆளிடம் மோட்டார் சைக்கிள் உண்டு, ஆனால் எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போவார். "பைக் என்னாச்சு அண்ணன்?" என்று கேட்டால், "முடிஞ்சுது தம்பி. இன்னும் ஒரு சாமான்தான்" என்பார். அந்த ஒரு சாமான் எது என்பது மட்டும் மாதத்துக்கு மாதம் மாறும்.

உவர்மலையில் ஒருவர், மனையாவெளியில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர் என்று துறைமுகத்தைச் சுற்றி இந்த இனம் நன்றாக விளைகிறது. காரணம் வெள்ளைக்காரன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை இங்கேதான் குந்தியிருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டும் தளத்தை விடவில்லை. 1957இல்தான் வெள்ளைக்காரன் அதைக் கையளித்துவிட்டுப் போனான். அவன் விட்டுப்போனவற்றில் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை அரசாங்கங்கள் பேரம் பேசிக்கொள்ளும். மற்ற இரும்பெல்லாம் தனக்கு எழுதி வைத்தது என்பது இவருடைய எண்ணம்.

இவருடைய வண்டி பெரும்பாலும் பி.எஸ்.ஏ. எம் 20. பேர்மிங்ஹாமில் செய்தது. 500 சீ.சீ., ஒற்றைச் சிலிண்டர், எடை ஏறக்குறைய 170 கிலோ. போருக்காக ஒன்றேகால் இலட்சம் வண்டி செய்து, போர் முடிந்ததும் உலகெங்கும் மிச்சச் சாமானாக விற்றுத் தள்ளினார்கள். அதில் ஒன்று தம்பலகாமத்தில் ஒரு கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்ததாம். "தூக்கிக்கொண்டு போங்கோ, இடமாவது மிஞ்சும்" என்றுதான் வீட்டுக்காரர் முதலில் சொல்லியிருக்கிறார். இவர் குனிந்து, எஞ்சினில் படிந்திருந்த எச்சத்தைச் சுரண்டி, "டபிள்யூ எம் 20" என்று எழுத்துக்கூட்டி வாசித்து, "ஆ!" என்றார். அந்த ஒரு "ஆ"வின் விலை நாற்பதாயிரம் ரூபாய்.

வாங்கிய அடுத்த நாளே வண்டிக்கு வரலாறு முளைத்துவிடும். மவுண்ட்பேட்டன் பிரபு ஓடிய வண்டியாம். 1944இல் படைத் தளபதியான அவர் தன் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் இலங்கையில் அவர் ஓடியதாகச் சொல்லப்படும் வண்டிகளை எல்லாம் அவரே ஓடியிருந்தால், பர்மாவில் சண்டை பிடிக்க அந்த மனிதனுக்கு நேரம் கிடைத்திருக்காது. இலக்கத்தகடு வேறு ஆங்கில எழுத்தில் இருக்கும். "இது சிறீ வாறதுக்கு முந்தின வண்டி" என்று தட்டிக் காட்டுவார். 1958இல் இலக்கத்தகட்டில் வந்த அந்த ஒரு சிங்கள எழுத்தை வைத்து நாடே தார்ச்சட்டியோடு திரிந்ததை நினைத்தால், அதில் மட்டும் அவர் பெருமைப்படுவது நியாயம்தான்.

பிறகு கழற்றுவார். கழற்றுவதில் இவரை வெல்ல ஆள் இல்லை. ஆனால் நட்டுகள் எல்லாம் விட்வேர்த் அளவு, ஜப்பான் பைக்குகளின் மில்லிமீற்றர் ஸ்பனர் எதுவும் பிடிக்காது. அரை இஞ்சி என்று பொறித்த விட்வேர்த் ஸ்பனரை அரை இஞ்சி அகலமான நட்டில் போட்டால் அது சும்மா சுற்றும். ஏனென்றால் பொறித்திருப்பது போல்ட்டின் தடிப்பு, ஸ்பனர் வாயின் அகலம் அல்ல. சொல்வது ஒன்று, செய்வது ஒன்று என்பதை ஆங்கிலேயன் இரும்பிலேயே வார்த்து வைத்திருந்தான். டொக்யாட்டில் வேலைபார்த்த தாத்தாவின் பெட்டியில் இவருக்கு அந்த ஸ்பனர் செட் கிடைத்தது. யாராவது கேட்டால் இவர் இரத்தம் கொடுப்பார், ஸ்பனர் இரவல் கொடுக்கமாட்டார்.

கழற்றியவை வீடு முழுவதும் பரவும். துருப்பிடித்த பெற்றோல் தாங்கிக்குள் கற்சில்லைக் கொட்டி, வாயை அடைத்து, பின்னேரம் முழுக்கக் குலுக்குவார். பித்தளைக்குப் பழப்புளி. போல்ட் ஊறுவதற்கு மண்ணெண்ணெய், அதுவும் சோற்றுச் சட்டியில். பெயறிங்கை இறக்குவதற்கு அலுமினியக் கூட்டைச் சூடாக்கவேண்டும், அதற்கு வீட்டில் இருப்பது கேக் அவன். அதன்பின் கிறீஸ் மணத்த பட்டர் கேக்கை வந்தவர்கள் எல்லோரும் நாகரிகமாக விழுங்கினோம். "இஞ்சருங்கோ, என்னைக் கட்டினனீங்களோ அந்தச் சனியனைக் கட்டினனீங்களோ?" என்று மனைவி கேட்டார். மனிதர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் பிழை.

இவருக்கு உலகம் இரண்டே பகுதி: பி.எஸ்.ஏ.க்குப் பொருந்துவது, கடைந்தால் பொருந்துவது. வீட்டுக்கு வந்தால் சுகம் விசாரிக்குமுன் தையல் மெசின், மின்விசிறி, தண்ணீர் மோட்டர் என்று கண் ஓடும். எங்கள் தண்ணீர் மோட்டரின் பின்மூடியை "அளவு பாக்கத்தான்" என்று கொண்டுபோனார். அளவு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். லேத் வைத்திருக்கும் கிண்ணியா நானா இவர் வரும் சத்தம் கேட்டாலே, "இண்டைக்குக் கரண்ட் இல்ல" என்று தொடங்குவார். பின்னால் லேத் ஓடிக்கொண்டிருக்கும்.

கொழும்புக்கு இரவு ரயில் ஏறினால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள். அங்கே எந்த முதலாளியும் "இல்லை" என்று சொல்வதில்லை. "அடுத்த கிழமை வரும் மாத்தயா" என்பார்கள். அதனால் அடுத்த கிழமையும் ரயில். மகளின் கலியாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போனவர், தி.நகரில் குடும்பத்தை இறக்கிவிட்டு, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்விட்டார். சென்னையில் என்ஃபீல்டு 1950களிலிருந்து உற்பத்தியாகிறது, அதன் சாமான் அங்கே மலிந்து கிடக்கும். பி.எஸ்.ஏ. கம்பனியோ 1973இலேயே மூச்சை விட்டது. ஆனாலும் ஒரு மக்னீற்றோவோடு திரும்பினார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, சேலைக்குள் சுற்றியிருந்த அதைப் பார்த்துச் சற்றுப் பின்வாங்கினாராம்.

2022 ஆடி மாதம்தான் ஒழுங்கைக்கு இவருடைய அருமை தெரிந்தது. பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீடு வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். ஓடாத வண்டிக்கும் பதிவு இருந்தால் பங்கு கிடைத்தது. வண்டியை வரிசைக்குக் கொண்டுபோகவேண்டியிருந்தது, அதற்குப் பிள்ளைகள் தள்ளினார்கள். அந்நாளில் எல்லோருடைய பைக்கும் தள்ளித்தான் வந்தது, ஆகவே இவருடையது வித்தியாசமாகத் தெரியவில்லை. நானும் அந்தப் பெற்றோலில் ஓடியவன் என்பதால் இதற்குமேல் எழுதுவது அழகல்ல.

ஒருமுறை அது ஸ்டார்ட் ஆகியது. பொய்யில்லை, ஒழுங்கையே சாட்சி. காபரேட்டரைக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பெற்றோல் வழியவிட்டு, வால்வ் தூக்கும் நெம்பைப் பிடித்து, உதைத்தார். தீப்பொறியைப் பிந்தவைக்கும் நெம்பை இழுக்க மறந்துவிட்டார். கிக்கர் திருப்பி உதைத்தது. அந்தக் கணுக்காலின் வரலாறு அதுதான். அடுத்த உதையில் இயந்திரம் பிடித்துக்கொள்ள, அயல்வீட்டு மாமரத்துக் காகம் எல்லாம் கிளம்ப, ஆள் கோட்டை வாசல்வரை போய்விட்டார். அங்கே வழக்கம்போல, கோட்டைப் பக்கம் திரியும் மான் ஒன்று நடுறோட்டில் நின்றது. ஜப்பான் பைக்கில் பழகிய வலது கால் பிறேக் என்று நினைத்து அமத்தியது. பிரித்தானிய வண்டியில் வலப்பக்கம் இருப்பது கியர், பிறேக் இடப்பக்கம். வண்டி நிற்பதை விட்டு வேறொரு கியரில் உறுமிக்கொண்டு மதிலைப் பார்த்துப் போனது.

மானுக்கு ஒன்றுமில்லை. அவருக்கும் முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். ஹெட்லைட் வளையம் போய்விட்டது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். போர்க்காலத்து லூக்காஸ் ஹெட்லைட் வளையம் யாருடைய வீட்டுக் கோடியிலாவது கிடந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். உடையாத, நெளியாத சாமானாக இருக்கட்டும். விலையை மட்டும் அவர் "ஆ" என்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அது கிடைத்த அன்றே எங்கள் தண்ணீர் மோட்டரின் மூடியைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.