வீடு தேவை, சங்கிலி தேவையில்லை

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை அடிவாரத்தில் ஒரு பொட்டை நாய்க்கு வீடு தேடுகிறோம் என்று நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். நம் ஜனங்களின் கருணை எத்தனை நிபந்தனையோடு வரும் என்று தெரிந்துவிடும்.

நாய்க்கு ஒன்றரை வயது இருக்கலாம். சிப்பிப்பாறைக் கலப்பு என்று நீண்ட காலும் ஒட்டிய வயிறும் சொல்கின்றன. மேலமலை ஏறி வந்த சுற்றுலாப் பயணி விஜயாலய சோழீச்சரத்தின் முன்னால் மூச்சு வாங்கி, முகம் துடைத்து, செல்ஃபிக்குச் சிரிப்பதற்குள் இது இறங்கிப் போய் மறுபடி ஏறி வந்துவிடும். ஓட்டம்தான் அதற்குப் பிழைப்பு. அதன் பாட்டன் பூட்டனெல்லாம் முயலை விரட்டிச் சோறு தின்ற வம்சம். இன்று முயல் வேட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சரிதான், முயல் பிழைக்கட்டும். ஆனால் வேலை போன நாய்க்கு நாம் கொடுத்த மாற்று வேலை, ஒரு தூணும் ஒன்றரை மீட்டர் சங்கிலியும்.

இதன் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி முளைக்காத வளையம் இருக்கிறது. மலையடிவாரத்தில் அகப்பட்டபோது அங்கே நைலான் கயிறு தோலுக்குள் புதைந்திருந்தது. குட்டியாக இருந்தபோது எவனோ கட்டியிருக்கிறான். கழுத்து வளர்ந்தது, கயிறு வளரவில்லை. அவிழ்த்துக் கட்டச் சோம்பல்பட்டவன், ஒருநாள் அறுத்து விரட்டுவதற்கு மட்டும் சுறுசுறுப்பாகிவிட்டான்.

இனி விண்ணப்பதாரர்கள்.

முதலில் வந்தவர் திருச்சி சாலையில் தோப்பு வைத்திருப்பவர். போர்வெல் மோட்டாரின் காப்பர் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். “பத்து ஏக்கர்ண்ணே, நல்லா ஓடலாம்” என்றார். மனசு குளிர்ந்தது. அவிழ்த்துத்தானே விடுவீர்கள் என்று கேட்டோம். “அது எப்படிண்ணே, பக்கத்துத் தோட்டத்து ஆட்டைக் கடிச்சுட்டா? மோட்டார் ரூம் ஓரமா கட்டிருவோம்.” பத்து ஏக்கர் அவருக்கு, ஒன்றரை மீட்டர் நாய்க்கு. சோறு? “வாட்ச்மேன் வர்றப்பப் போடுவாரு.” வாட்ச்மேன் எப்போது வருவார் என்று விசாரித்தால், அவர் வேலையை விட்டு நின்று ஆறு மாதமாகிறதாம். அதனால்தான் நாய்.

அடுத்தவர் குவாரிக்காரர். கடிக்குமா என்று கேட்டார். கடிக்காது என்றோம். முகம் வாடிவிட்டது. அதற்கடுத்து வந்த திருச்சி அபார்ட்மென்ட்காரரும் அதையே கேட்டார். கடிக்காது என்றதும் மலர்ந்தார். குரைக்குமா? குரைக்கும். முடி கொட்டுமா? கொட்டும். சோபாவைக் குதறுமா? ஓட விடாவிட்டால் சோபா, செருப்பு, சார்ஜர், கதவு எல்லாவற்றையும் குதறும். ஓட விட வீட்டில் யாருக்கு நேரமிருக்கிறது? பையனுக்கு நீட் கோச்சிங், மனைவிக்கு முழங்கால் வலி, அவருக்கு ஷிப்ட். பிறகு எதற்கு சார் நாய்? “பையன் ரொம்ப ஸ்ட்ரெஸ் ஆகுறான், ஒரு பெட் இருந்தா நல்லதுன்னாங்க.” மூன்றாம் மாடியில் இதை அடைத்தால் ஸ்ட்ரெஸ் இரண்டாகும் என்று சொல்லி அனுப்பினோம். கோபித்துக்கொண்டார். நாய் தருகிறவன் கேள்வி கேட்பது நம் ஊரில் மரியாதைக் குறைவு.

பாதிப்பேர் போனிலேயே முடித்துவிட்டார்கள். “ஆணா, பொட்டையா?” “பொட்டை.” “அப்ப வேணாம்.” கருத்தடை ஆகிவிட்டது, குட்டி போடாது என்று சொல்வதற்குள் லைன் கட். ஒரு ஈற்றில் ஆறு குட்டி என்றால் ஆணையெல்லாம் பங்கு போட்டுக்கொள்வார்கள். பொட்டைகள் அட்டைப் பெட்டியில் ஏறும். பெட்டி இறங்கும் இடம் சந்தை, மலையடிவாரம், கோயில் வாசல். கோயில் வாசலில் விட்டால் பாவம் ஒட்டாது, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு கணக்கு. பெண் சிசுவைப் பற்றி நாம் வெட்கப்பட்டுப் பேசக் கற்றுக்கொண்டோம். அந்த வெட்கம் மனுஷி அளவோடு நின்றுவிட்டது.

இன்னொருவர் லேப்ரடார் இருக்கிறதா என்று கேட்டார். நாட்டு நாய்தான் என்றோம். உதட்டைப் பிதுக்கினார். 2017 தையில் நாட்டு மாட்டினத்தைக் காக்க ராப்பகலாக உட்கார்ந்த தமிழர்தான் அவரும். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டைப் பெரும்பாலும் தச்சங்குறிச்சியில் நடத்திப் பார்க்கும் மாவட்டம் இது. நாட்டு இனம் என்ற பேச்சு இங்கே வாடிவாசலைத் தாண்டி வருவதில்லை. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வெளியிட்டார்கள். ஒட்டிய கையோடு பெருமையும் முடிந்தது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பிரமாதமான சட்டம் இருக்கிறது. 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். எந்நேரமும் கட்டியே வளர்க்கும் நாயை நடக்க, ஓட விடாதது குற்றம். பசி தாகத்தில் தவிக்கும்படி கைவிடுவதும் குற்றம். குற்றங்களை எழுதியவர் நாயை நன்றாக அறிந்தவர். அபராதத்தை எழுதியவர்தான் மனிதனை அறியாதவர்: முதல் தடவை பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல். அறுபது வருஷத்துக்கு மேலாக அதே ஐம்பது. 2022-ல் திருத்த வரைவு ஒன்றைக் கருத்துக் கேட்க வெளியிட்டார்கள், கேட்டார்கள், அவ்வளவுதான். ஹெல்மெட் போடாமல் கீரனூர் போனால் 1,000 ரூபாய். போகிற வழியில் வளர்த்த நாயை இறக்கிவிட்டுப் போனால் 50. அந்த ஐம்பதையும் கட்டிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

டெல்லியில் நடந்தது தனிக் கூத்து. 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, தலைநகரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடை, திரும்ப விடாதே என்றது. காப்பகம் எங்கே என்று தேடி முடிப்பதற்குள், ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதி அமர்வு கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடு என்றது. வெறி பிடித்ததும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. விரும்புகிறவர் தத்தெடுக்கலாம், எடுத்ததை மீண்டும் தெருவில் விடக்கூடாது என்றும் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் பக்கம் பிடித்ததை அங்கே திரும்ப விடாதே என்றது. மூன்று மாதத்தில் நாய்க்கு மூன்று விலாசம். மூன்றிலும் வீடு இல்லை.

கடிபட்டவரின் கோபத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடி, வெறிநாய்க்கடியால் 43 சாவு. நோய் முற்றி வந்தபின் எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் கேட்கிறேன், தெருவில் நாய் தானாக முளைத்ததா? குட்டியைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியவன், ஊசி போடாமல் விட்டவன், கருத்தடைக்குக் கூட்டிப் போகாதவன், இவர்களில் ஒருவராவது அந்த 43 பேரின் துக்க வீட்டுக்கு வந்தார்களா? 2023-ன் கருத்தடை விதிகள் பொறுப்பை உள்ளாட்சி தலையில் வைக்கின்றன. ஊராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்பார்கள், மேலே கேட்டால் ஊராட்சியைக் கேள் என்பார்கள். கட்டிப்போட்டால் சாதுவாகிவிடும் என்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவின் டென்வரில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், முற்றத்தில் கட்டி வளர்த்த நாய் கடிக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது.

ஜீவகாருண்யர்களையும் விடக்கூடாது. படத்தைப் போனில் போட்டால் கொத்துக் கொத்தாகக் கண்ணீர் பொம்மைகள் வரும். “ஐயோ பாவம், யாராவது எடுங்க.” அந்த யாராவது மட்டும் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று ஒருவரும் சொல்வதில்லை. தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறவர்களும் கூட்டத்தில் உண்டு. மாலை சிலைக்கு, வாசலில் படுத்திருக்கும் வாகனத்துக்குச் செருப்பு.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. செத்துப்போன வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்து எசமானனுக்குக் காவல் நின்றதைப் பெயரோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலேயே நாய்க்குக் கல் எடுத்த இனம் என்று மேடையில் பேச நமக்கு ஆள் பஞ்சமே இல்லை. பேச்சாளர் வீட்டு வாசலில் நாய்கள் ஜாக்கிரதை என்று பலகை தொங்கும். பின்பக்கம் போனால் தகரக் கூரையின் கீழே, தன் மலத்தின் மேலேயே படுத்துக் கிடக்கும் நம் காலத்துக் கோவிவன்.

இந்த நாய் இன்னும் இங்கேதான் இருக்கிறது. கருத்தடை ஆயிற்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று, அதை வருஷா வருஷம் போட வேண்டும். மயிலைக் கண்டால் துரத்தும், அதற்கு வனத்துறையிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஒரு மணி நேரம் அதனோடு நடக்கக் கால் உள்ளவர், குதித்துத் தாண்ட முடியாத வேலி உள்ளவர், இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு மனசு மாறாதவர் வரலாம். மோட்டாருக்குக் காவல் வேண்டுமென்றால் வாட்ச்மேனுக்குச் சம்பளத்தைக் கொடுங்கள். பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வேண்டுமென்றால் கடைக்குப் போங்கள். கேட்கிறவர் வீட்டை முதலில் நாங்கள் வந்து பார்ப்போம். முற்றத்தில் சங்கிலி கிடந்தால் காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிடுவோம்.