அசையாச் சொத்து

காவல் நிலைய வாசல்களில் துருப்பிடித்து நிற்கும் வழக்கு வண்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லி விவரம் புரியாதவர்கள் முறையிடுகிறார்கள். தமிழ்நாட்டில் சட்டத்தை முழுதாக மதிக்கும் வாகனங்கள் அவை மட்டும்தான். சிவப்பு விளக்கைத் தாண்டுவதில்லை, புகை கக்குவதும் இல்லை. பேட்டரியும் கார்புரேட்டரும் என்றோ கழன்று போய்விட்டதால் (காவல் நிலைய வாசலில் எப்படி என்று கேட்பது நாகரிகமல்ல) இனித் திருட ஒன்றுமில்லை. இதைவிடப் பத்திரமான காவல் வேறேது?

வண்டிகளை நிலையத்தில் நெடுநாள் வைத்திருப்பதில் பயனில்லை என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவும் 14 நாளில் பட்டியல், பிறகு 30 நாளில் தீர்வு என்கிறது. என்ஜினைத் துளைத்து ஒரு வேப்பங்கன்று வளர 30 நாள் போதுமா? மரம் வளர்ப்பைச் சட்டம் யோசிக்கவே இல்லை. டயரில் தேங்கும் நீரில் டெங்கு கொசு வளர்கிறதே என்பார்கள். வளரட்டுமே, கொட்டாங்குச்சியைத் தேடி வீடு வீடாக வரும் ஊழியர்கள் அதையாவது நிம்மதியாக விட்டுவைக்கிறார்கள். சரி, நகர்த்தியே தீர வேண்டும் என்றால், ஸ்டார்ட் ஆகாத, சக்கரம் உருளாத வண்டியைப் பொக்லைன்தான் தூக்க வேண்டும். பொக்லைனோ மணல் வழக்கில் சிக்கி அதே வரிசையில் நிற்கிறது. எனவே உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே நிற்கும் உங்கள் வண்டிக்குக் காப்பீட்டைத் தவறாமல் புதுப்பியுங்கள். காப்பீடில்லாத வண்டி என்றால் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள்.