மலை ஏறுன காய்

ஏ பேராண்டி, மூணு வருசமா டெல்லியில உக்காந்து நீ படிக்கிற படிப்பு என்னன்னு இப்பத்தான் புரிஞ்சது. செத்த இலைக்குச் சாதகம் எழுதுற படிப்பு! ஊர்ல கேட்டா, "பேரன் கல்லுக்குள்ள காடு தேடுறான்"னு சொல்லி வச்சிருக்கேன். பொண்ணு குடுக்க வந்தவன் காப்பியைக்கூடக் குடிக்காம எந்திரிச்சுட்டான்.

ஆனா, இந்தத் தள்ளுவண்டியில பச்சைத் தோலும் ரெண்டு கொம்புமா குவிச்சு வச்சிருக்கானே சிங்காராக் காயி, இதுதான் உங்க சாட்சின்னு நீ சொன்னதும் அசந்துட்டேன்டா. குளத்துல மிதக்குற கொடி. இன்னைக்குக் காஷ்மீர் ஊலர் ஏரியில, 5,000 அடிச் சொச்சத்துல வெளையுது. அதோட சுவடு பீர் பஞ்சால் மலையில 10,000 அடிக்கு மேல, கரேவாங்குற பழைய ஏரி மண்ணடுக்குல கெடக்கு. தண்ணிக்கொடி எங்கயாச்சும் மலை ஏறுமா? மலைதான் ஏரிச் சேத்தையும் சேத்துத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சிருக்குன்னு உங்க படிப்புக்குப் பெரியவரு பீர்பால் சாஹ்னி 1936லயே எழுதிட்டாரு. அதே மண்ணுல ஓக் இலையும் இருக்கு. கீழ பள்ளத்தாக்குல இன்னைக்கு ஓக் காடு கெடையாது. மலை உசந்து மழையை மறிச்சுது, மரம் நடையைக் கட்டிருச்சு.

இலை ஓரத்துல பல்லு நெறைய இருந்தா குளிர்ச் சீமை, வழுவழுன்னு இருந்தா வெக்கைச் சீமைன்னு கணக்கு வச்சிருக்கீகளாம். அப்படிப் பாத்தா என் பொக்கை வாயே சொல்லிரும், நான் ராமநாதபுரம்னு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. பைன் மரத்து மகரந்தம் ரெண்டு காத்துப் பையைக் கட்டிக்கிட்டு ஊரெல்லாம் பறக்கும். கல்யாண வீட்டுல மைக்கு புடிச்சவன் மாதிரி. ஏரிச் சேத்து மகரந்தத்தை மைக்ராஸ்கோப்புல எண்ணுனா அவன் தலைதான் தெரியும். பூச்சியை நம்பிப் பூக்குற மரம் காடெல்லாம் நின்னாலும் ஏரிச் சேத்துல பேரு வர்றது அபூர்வம். பந்தியில பேசாம சாப்புடுறவனையும் கணக்குல சேரு.

நேத்து டெல்லி ரிட்ஜு மேட்டுக்குக் கூட்டிப் போயி, "ஐயா, ஆரவல்லிக் காடு"ன்னு பீத்திக்கிட்டியே. பாத்தா நம்ம கண்மாயை அடைச்ச அதே சீமைக்கருவேல்! இங்க அதுக்கு விலாயத்தி கீக்கர்னு பட்டம் வேற. அமெரிக்கச் சீமையிலருந்து வெள்ளைக்காரன் காலத்துல வந்த விருந்தாளி. நாளைக்கு ஒருத்தன் ரெண்டு ஊரு சேத்தையும் தோண்டுனா, டெல்லியும் ராமநாதபுரமும் ஒரே காடுன்னு எழுதிப்புடுவான். அவனைத் திட்டவும் முடியாது. சேறு அப்படித்தான சொல்லும்?

சரி, அரைக் கிலோ வாங்கு. மலை ஏறுன காய்னு மட்டும் வண்டிக்காரன்கிட்ட வாயைத் தொறந்துறாத, விலையையும் ஏத்திப்புடுவான்.